தலித், பழங்குடி பிஎச்.டி. மாணவர்களுக்குத் துறையும் நெறியாளரும் செய்ய வேண்டியவை

சமூகவியல், வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், மானுடவியல் துறைகளில் பிஎச்.டி. சேரும் பட்டியல் சாதி, பழங்குடி, சீர்மரபினர், முஸ்லிம் மாணவர்களில் பலர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். இவர்களில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டால், "இங்கிலீஷ் போதாது", "பேஸிக்ஸ் வீக்" என்று துறையில் பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நிற்கும். எழுதிக் கொடுத்த தாள் நெறியாளரின் (ஆய்வை வழிநடத்தும் 'கைடு') மேசையிலேயே கிடக்கும். எங்கும் எழுதிவைக்காத விதிகளை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் சரிசெய்யும் அதிகாரம் பெரும்பாலும் துறைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்புகள் நெறியாளர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும். மாணவர்கள் படித்தால் எதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரியும்.

சேர்க்கை

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறை நுழைவுத் தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் தருகிறது. 2024 முதல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணையே நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நெட்டில் ஜே.ஆர்.எப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதிலும் நேர்காணலுக்கு அதே 30தான். பாரபட்சம் நுழைவது இந்த 30இல். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) அப்துல் நஃபே தலைமையிலான குழு எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் நேர்காணல் மதிப்பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவுவாரியாக மாறுவதைக் கண்டு, நேர்காணலின் பங்கை 30இலிருந்து 15ஆகக் குறைக்கச் சொல்லி 2016இல் பரிந்துரைத்தது.

அந்த 30ஐக் குறைக்கும் உரிமை உங்கள் துறைக்கு இல்லாமல் இருக்கலாம். நேர்காணலை எப்படி நடத்துவது என்பது உங்கள் கையில்தான். முப்பதை மூன்று பத்தாகப் பிரியுங்கள்: ஆய்வுக் கேள்வியின் தெளிவு, அதை ஆராய நினைக்கும் முறை, அந்தத் துறையில் படித்திருப்பது. முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக, அவரவர் ஆய்வுத் திட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும். மாணவர் வெளியே போனதும் பேசத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு உறுப்பினரும் முதலில் தனித்தனியாக மதிப்பெண் எழுதி முடிக்க வேண்டும். மூத்த பேராசிரியர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களின் பேனா அந்தப் பக்கமே சாயும். அப்பா என்ன வேலை, எந்த ஸ்கூல், வேலைக்குப் போகாமல் ஏன் இது என்ற கேள்விகளை வாயிலிருந்து வரவே விடக்கூடாது. தமிழில் பதில் சொல்லலாம் என்பதை மாணவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இடங்களை நெறியாளர்வாரியாக உடைத்துவிட்டால் இட ஒதுக்கீடு கரைந்துபோகும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. ஆண்டுக்கு ஆறு இடம் உள்ள துறையில் பழங்குடி மாணவரின் முறை எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். துறையின் இடங்களை ஒன்றாகச் சேர்த்து, முடிந்தால் புலம் முழுவதற்கும் சேர்த்து, ஆண்டுக்கு ஆண்டு அறுபடாமல் தொடரும் சுழற்சிப் பட்டியலில் வைத்தால்தான் அந்த ஒரு விழுக்காடு நிஜமாகும்.

அடுத்தது நெறியாளர் ஒதுக்கீடு. பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புது மாணவரை எடுக்கக் கூடாது. பல துறைகளில் எல்லோரும் பங்கிட்டு முடித்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் இட ஒதுக்கீட்டு மாணவரைத் தள்ளிவிடுகிறார்கள். விவசாயக் கூலிகளின் இடப்பெயர்வைப் பற்றி எழுத வந்தவர் பன்னாட்டு உறவுகள் பேராசிரியரிடம் போய்ச் சேர்வது இப்படித்தான். இரண்டாம் ஆண்டில் திட்டவரைவு நகராமல் நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். நெறியாளர் ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது இரண்டு ஆசிரியர்களிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். அதன் பிறகு இரு தரப்பிடமும் விருப்பத்தை எழுதி வாங்குங்கள்.

பணம்

இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு உயர்த்தித் தரும் எஸ்.ஆர்.எப். (முதுநிலை உதவித்தொகை) 42,000 ரூபாய். சமூக அறிவியலுக்குக் கான்டின்ஜென்சி (புத்தகம், பயணம் போன்ற ஆய்வுச் செலவுக்கான தொகை) முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000, அதன் பிறகு 20,500. பட்டியல் சாதியினருக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கும், பழங்குடியினருக்கானது 750 பேருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் முழுநேரமாகப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000தான். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி வந்த முஸ்லிம் மாணவருக்கு வேறு வழியை முதல் வாரத்திலேயே தேட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது. எனவே எதற்கு விண்ணப்பிக்கிறார், பெரியது கிடைத்தால் சிறியதை எந்தத் தேதியில் விடுகிறார் என்பதை எழுதிவைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதத்துக்கு வந்துவிட்டால் பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

தொகை அறிவிப்பில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. யுஜிசி உதவித்தொகைக்கு மாணவர் அந்த மாதம் வேலை செய்தார் என்று பல்கலைக்கழகம் கனரா வங்கியின் தளத்தில் மாதாமாதம் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு 'மேக்கர்' (பதிவு செய்பவர்), 'செக்கர்' (சரிபார்ப்பவர்) என்று இரண்டு அலுவலர்கள். மேக்கர் லீவில் போனாலோ, செக்கர் மாறுதலாகிப் போய் அவருடைய லாகின் புது ஆளுக்கு மாற்றப்படாமல் இருந்தாலோ பணம் நிற்கும். வருகைச் சான்றில் நெறியாளர் கையெழுத்துப் போடத் தாமதித்தாலும் நிற்கும். மாணவர் போய்க் கேட்டால், "டெல்லியிலிருந்து வரலை" என்பார்கள். பல நேரம் அது உள்ளூர் மேசையைத் தாண்டியே போயிருக்காது.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் தலித் ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று தற்கொலை செய்துகொண்டபோது விட்டுச்சென்ற கடிதத்தில், தனக்கு ஏழு மாத உதவித்தொகையாக 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வர வேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். நிலுவையை அலுவலகச் சிக்கல் என்று ஒதுக்கும் ஒவ்வொரு துறையும் அந்த வரியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

துறை செய்ய வேண்டியது இது. எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் ஒரே ஷீட் வையுங்கள்: பெயர், எந்த உதவித்தொகை, கடைசியாக எந்த மாதத்துப் பணம் வந்தது, எந்த மேசையில் நிற்கிறது, எஸ்.ஆர்.எப். உயர்வு எப்போது. மாதம் 5ஆம் தேதி துறை அலுவலர் ஒருவர் அதைப் பார்த்து, நிற்பதை மேக்கரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மாணவரை அலையவிடக் கூடாது. எஸ்.ஆர்.எப். உயர்வுக்கு நெறியாளர், துறைத்தலைவர், வெளி வல்லுநர் என மூவர் குழு கூட வேண்டும். வெளி வல்லுநரின் தேதி கிடைக்காமல்தான் இது மாதக்கணக்கில் இழுக்கிறது. இரண்டு ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே தேதி வாங்கிவிடுங்கள். விடுதியில் தங்காதவருக்கு வீட்டு வாடகைப் படி உண்டு. விடுதி இடம் தரவில்லை என்ற சான்றை யாரும் கேட்டு வாங்காததால் பலர் அதை இழக்கிறார்கள்.

ஆசிரியர்கள் சேர்ந்து 50,000 ரூபாய்க்கு ஒரு சுழல் நிதி வைக்க முடிந்தால், நிலுவையில் இருக்கும் ஐந்து பேருக்கு ஆளுக்கு 10,000 முன்பணம் தரலாம். பணம் வந்ததும் திரும்பிவிடும். அது முடியாவிட்டால், உதவித்தொகை வரும்வரை மெஸ் பாக்கிக்காகப் பெயரை நீக்க வேண்டாம் என்று வார்டனுக்குத் துறைத்தலைவர் ஒரு கடிதம் எழுதலாம். அதற்குச் செலவே இல்லை.

முதல் ஆண்டு

கோர்ஸ் ஒர்க் (ஆய்வின் தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாடங்கள்) குறைந்தது 12 கிரெடிட், தேர்ச்சிக்கு 55 விழுக்காடு. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவைதான் மாணவரை வீழ்த்தும். நல்ல திட்டவரைவு எப்படி இருக்கும்? ஆய்வுக் குழுவின் முன் பருவத்துக்கு ஒருமுறை முன்னேற்றம் சொல்ல வேண்டுமே, அங்கே என்ன கேட்பார்கள்? ஆய்வுக் கட்டுரைகள் உள்ள ஜேஸ்டோர் தளத்தை வீட்டிலிருந்து திறப்பது எப்படி? மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும்போது மின்னஞ்சலில் என்ன எழுதுவது? வீட்டில் பேராசிரியர் இருக்கும் மாணவர் இவற்றைச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொண்டு வருகிறார். மற்றவருக்குத் துறைதான் கற்றுத்தர வேண்டும். கடந்த ஆண்டுகளில் ஏற்கப்பட்ட திட்டவரைவுகளில் மூன்றை எடுத்துக் கொடுங்கள். குழு திருப்பியனுப்பிய ஒன்றையும் அதற்கான குறிப்புகளோடு கொடுங்கள். கற்பதற்கு அந்த நான்காவதுதான் அதிகம் உதவும். மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் ஒழுங்குபடுத்தும் ஸொடேரோ மென்பொருளை முதல் வாரத்திலேயே நிறுவி, படிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் அதில் ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டில் நூற்பட்டியலைக் கையால் கட்டுவது மாதங்களைத் தின்னும்.

பாடத்திட்டத்தையும் பாருங்கள். சாதியைப் பற்றிய வாரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து எழுதியவர் ஒருவர்கூட இல்லாத வாசிப்புப் பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன. அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் சாதியின் தோற்றத்தைப் பற்றி வாசித்த கட்டுரை மானுடவியல் கருத்தரங்கு ஒன்றுக்காக எழுதியது. அதை வாழ்க்கை வரலாற்றுத் துணுக்காக இல்லாமல் கோட்பாடாக நடத்துங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. கோட்பாடு ஒரு கூட்டத்துக்கு, தரவு சேகரிப்பது இன்னொரு கூட்டத்துக்கு என்று இந்தியச் சமூக அறிவியல் பிரிந்து கிடப்பதை அரசியல் அறிவியலாளர் கோபால் குரு 2002இல் கடுமையாக எழுதினார். உங்கள் துறையில் யாருக்கு என்ன தலைப்பு கிடைக்கிறது என்று பாருங்கள். தலித் மாணவர் என்றால் 'இன்ன மாவட்டத்தில் இன்ன திட்டத்தின் பயன்கள்', மற்றவருக்கு 'நவீனத்துவம்' என்று போனால் அந்தப் பிரிவினையை நீங்களே வளர்க்கிறீர்கள். தன் சமூகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தள்ளுவதும் தவறு, எழுதினால் புறநிலை இருக்காது என்று தடுப்பதும் தவறு. தன் ஊரைப் பற்றி எழுதும் உயர்சாதி ஆய்வாளரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சந்திப்பும் எழுத்தும்

முதல் ஆண்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நிலையான நாளில், 45 நிமிடம். "எப்ப வேணா வாங்க" என்று சொன்னால் இந்த மாணவர்கள் வர மாட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே யாரோ இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். சந்திப்பு முடிந்த அன்றே மாணவர் ஐந்து வரி மின்னஞ்சல் அனுப்பட்டும்: என்ன பேசினோம், அடுத்து என்ன, எந்தத் தேதிக்குள். நீங்கள் "சரி" என்று பதில் போடுங்கள். நாளைக்கு நெறியாளர் மாறினாலும், ஆய்வுக் குழுவில் யாராவது "ஒண்ணும் செய்யலை" என்று சொன்னாலும், மாணவரைக் காப்பது இந்தத் தொடர்தான்.

தாள் கொடுத்தால் 15 நாளுக்குள் திருப்பித் தருவேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். முடியாத மாதம் வந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பதில் வராத மௌனத்தை இந்த மாணவர் "நான் எழுதினது குப்பை" என்றுதான் புரிந்துகொள்வார்.

தமிழ் வழியில் எம்.ஏ. முடித்தவருக்கு ஆங்கில ஆய்வேடு பெரிய மலை. வாரம் 500 சொல் எழுதச் சொல்லுங்கள். முதல் வரைவில் இலக்கணத்தைத் தொடவே தொடாதீர்கள். சிவப்பு மையில் ஆர்ட்டிகிளும் பிரிப்பொசிஷனும் திருத்திய பக்கத்தில் வாதத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. மாணவர் அடுத்த முறை இன்னும் சின்ன வாக்கியமாக, இன்னும் சின்ன எண்ணமாக எழுதிக்கொண்டு வருவார். ஒரு வரைவுக்கு இரண்டே கருத்து போதும்: வாதம் எங்கே இருக்கிறது, சான்று எங்கே போதவில்லை. சிக்கலான இடத்தில், "இதை எனக்குத் தமிழில் சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அந்தப் பதிவில் தெளிவான பத்தி ஒன்று இருக்கும். அதை ஆங்கிலமாக்குவது எளிது. மொழித் திருத்தம் அத்தியாயம் முடிந்த பிறகு, கடைசியில்.

மொழியில் தயங்குபவர்கள் மற்றவர் வாக்கியங்களை ஒட்டிவிடுவது இங்கே நடக்கும். யுஜிசியின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதல் அத்தியாயத்திலேயே மென்பொருளில் ஓட்டிக் காட்டுங்கள். எது மேற்கோள், எது தழுவல், எது திருட்டு என்று அவருடைய பக்கத்தை வைத்தே விளக்கினால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற யுஜிசி கட்டாயம் 2022இல் நீங்கிவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் கேட்கின்றன. தரமான இதழ்களைக் காட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டதால், 3,000 ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுத்தரும் இதழ்களின் வலையில் முதலில் விழுவது வழிகாட்டல் இல்லாத மாணவர்தான். பணம் கேட்கும் இதழுக்கு அனுப்பும் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். இ.பி.டபிள்யூ. (எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி) போன்ற இதழ்கள் கட்டணம் வாங்குவதில்லை. சிறு கருத்துரையில் தொடங்கலாம். மாணவர் எழுதிய கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

களம்

கிராமத்தில் கேள்வித்தாளோடு நிற்கும் மாணவரிடம் டீக்கடையில் முதலில் வரும் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊரு?" அடுத்தது, "ஊர்ல எந்தத் தெரு?" கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது இருவருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து நாற்காலி வரும் அல்லது வராது, நேர்காணல் நடக்கும் அல்லது நடக்காது. ஆய்வு முறையியல் வகுப்பில் இதைப் பேசுவதே இல்லை. களத்துக்குப் போகும் முன் நெறியாளர் உட்கார்ந்து பேச வேண்டும்: என்ன பதில் சொல்ல விருப்பம், எங்கே சொல்லாமல் விடலாம், எந்த நிலையில் எழுந்து வந்துவிட வேண்டும். எழுந்து வந்தால் ஆய்வு கெடாது, அதுவே பதிவு செய்ய வேண்டிய தரவு என்று உறுதி கொடுங்கள்.

முதல் பயணத்தில் நெறியாளர் கூடப் போவது நல்லது. முடியாவிட்டால், துறை முத்திரையோடு நெறியாளரின் அலைபேசி எண் உள்ள கடிதம் தமிழில் கையில் இருக்கட்டும். தங்கும் இடம் ஊருக்குள் வேண்டாம், பக்கத்து டவுனில் வைத்துக்கொள்ளட்டும். தினமும் மாலை யாருக்கு போன் செய்வது என்று முடிவுசெய்யுங்கள். மாற்றுக் கிராமம் ஒன்றைத் திட்டவரைவிலேயே சேர்த்துவிட்டால், முதல் இடம் ஒத்துவராதபோது குழுவிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டியதில்லை. வனப்பகுதிக் குடியிருப்பு என்றால் வனத்துறை அனுமதிக்கு மாதங்கள் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். 40 நேர்காணல் என்றால் சுமார் 200 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் 50 நாள். மொழிபெயர்ப்பு இதில் சேராது. முழுவதையும் ஆங்கிலமாக்கச் சொல்லாதீர்கள். தமிழிலேயே குறியிட்டு வகைப்படுத்தி, ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் பெயர்த்தால் போதும்.

பாகுபாடு நடந்தால்

சமவாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கும் அலுவலரும் வேண்டும் என்று யுஜிசி 2012இலேயே சொல்லிவிட்டது. உங்கள் வளாகத்தில் அவர் யார், அறை எங்கே என்று முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால், சமாதானம் பேசிவைக்கப் போகாதீர்கள். தேதி, இடம், சொன்ன சொல், கூட இருந்தவர்கள் ஆகிய நான்கையும் அன்றே எழுதிவைக்க உதவுங்கள். புகார் தருவதா இல்லையா என்பது அவர் முடிவு. புகார் நெறியாளர் மேலேயே என்றால், அவரிடமே தடையில்லாச் சான்று வாங்கிவரச் சொல்லும் வழக்கத்தைத் துறைத்தலைவர் நிறுத்த வேண்டும். குழு வழியாக நெறியாளரை மாற்றலாம். மனம் உடைந்து இருப்பவரை விடுதி அறையில் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம்.

சமர்ப்பித்த பிறகு

உதவித்தொகை மொத்தம் ஐந்து ஆண்டு அல்லது ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரைதான். மதிப்பீட்டை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆறு மாதமும் கையில் வருமானம் இருக்காது, விடுதியும் காலிசெய்யச் சொல்லும். கையில் வந்த முதல் வேலையில் சேர்ந்து, வாய்மொழித் தேர்வுக்குத் தயாராக முடியாமல் தவிப்பது இந்த இடைவெளியில்தான். எனவே கடைசி ஆண்டு தொடங்கும்போதே ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) உதவித்தொகைகளையும் ஆய்வுத் திட்டப் பணிகளையும் பார்த்து விண்ணப்பிக்கச் செய்யுங்கள். தேர்வாளர் பட்டியலைச் சமர்ப்பிக்கும் முன்பே தயார் செய்யுங்கள். அதில் இந்தத் தலைப்பில் வேலை செய்தவர்கள் இருக்க வேண்டும், உங்கள் நண்பர்கள் என்பதற்காக யாரும் இருக்கக் கூடாது. விடுதியில் வாய்மொழித் தேர்வுவரை இருக்கத் துறைத்தலைவர் கடிதம் தரலாம்.

வெளிநாட்டில் தொடர நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. பட்டியல் சாதியினருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் 2022 வழிகாட்டுதல்கள் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளை விலக்கிவிட்டன. சமூக அறிவியல் மாணவர் அதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். அந்தந்தப் பல்கலைக்கழகம் தரும் நிதியையும் சேர்த்தே தேடட்டும்.

இறுதிப் படி அச்சுக்குப் போகும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஆய்வேடு ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தகவல் தந்தவரின் ஊரில் இருப்பவர்களும் படிக்கலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊராட்சி, வேலை, வயது மூன்றும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். மாணவரும் நீங்களும் ஒவ்வொரு மேற்கோளாக உட்கார்ந்து பார்த்து, அடையாளம் தெரியும் இடங்களை மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.